பன்னிரண்டு மணி நேரம் உட்கார

3 ஜூலை 2024, புதன்

இதற்கு முன் நான் டைரி எழுதியதில்லை. முப்பத்திரண்டு வருஷம் பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். எழுதியதெல்லாம் ஷிப்ட் ரிப்போர்ட்தான். இன்று கிளினிக் வரவேற்பில் இருந்த பெண் ஒரு தாளை நீட்டி, “தினமும் வலி எவ்வளவு இருக்குதுன்னு பத்துக்கு மார்க் போட்டு எழுதிட்டு வாங்க” என்றாள். தாளில் பன்னிரண்டு கட்டம்தான் இருந்தது. அதில் என்னத்தை எழுதுவது? இன்சூரன்ஸ் ஏஜெண்ட் பொங்கலுக்குக் கொடுத்த டைரி அலமாரியில் சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டேன். தெய்வாத்தாள் பார்த்துவிட்டு, “வலி எனக்கு, மார்க் போடறது நீங்களா?” என்றாள். என் சம்சாரத்துக்குக் குசும்பு கொஞ்சம் அதிகம்.

விஷயம் இதுதான். எங்கள் ஒரே மகள் கோகிலவாணி மெல்போர்னில் இருக்கிறாள். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து இப்போதுதான் உண்டாகியிருக்கிறாள். செப்டம்பர் நடுவில் பிரசவம். தெய்வாத்தாள் போயே ஆக வேண்டும். கோயமுத்தூரிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து மெல்போர்ன், மொத்தம் பன்னிரண்டு மணி நேரம் விமானத்தில் உட்கார வேண்டும். இவளால் பத்து நிமிஷம் உட்கார முடியவில்லை. ஒரு வருஷமாக நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறாள். எலும்பு டாக்டர் கொடுத்த மாத்திரை, பெல்ட், எல்லாம் பார்த்தாகிவிட்டது. எதிர்வீட்டு வசந்தாதான் சாய்பாபா காலனியில் ஒரு கைரோபிராக்டர் இருப்பதாகச் சொன்னாள். முதுகெலும்பைக் கையாலேயே சரி செய்வார்களாம். போனில் வீடியோ காட்டினாள். ஒருத்தன் கழுத்தைப் பிடித்துத் திருக, சுள்ளி ஒடிகிற மாதிரி சத்தம் வந்தது. தெய்வாத்தாள் அன்றைக்கு முழுவதும் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

நான் ஒரு பயில்வானை எதிர்பார்த்துப் போனேன். இருந்ததோ ஒல்லியாக ஒரு பெண். டாக்டர் சௌதாமினி, மலேசியாவில் படித்தவள். முதலில் நான்கு பக்கப் படிவம் கொடுத்தார்கள். ரேஷன் கார்டிலிருந்து பாங்கு வரைக்கும் எங்கள் வீட்டில் எந்தப் படிவமும் நான்தான் நிரப்புவேன். இதையும் நிரப்பினேன். எப்படிப் படுப்பீர்கள்? மல்லாந்து. ஆபரேஷன் நடந்ததுண்டா? இல்லை. கீழே விழுந்ததோ, விபத்தோ உண்டா? இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு மனித உருவம் வரைந்து வலிக்கும் இடத்தில் கோடு போடச் சொல்லியிருந்தது. இடுப்பில் போட்டேன்.

டாக்டர் எல்லாவற்றையும் படித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்து, “அம்மா, நீங்க எப்படிப் படுப்பீங்க?” என்றாள்.

“ஒருக்களிச்சுத்தானுங்க. மல்லாந்து படுத்து வருசக்கணக்காச்சு.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முப்பத்தாறு வருஷம் ஒரே அறையில் படுக்கிறோம். பிறகு டாக்டர் புதுத் தாள் ஒன்றை எடுத்து அவள் கையில் பென்சிலைக் கொடுத்தாள். இவள் இடுப்பைத் தொடவே இல்லை. வால் எலும்பில் கறுப்பாக அழுத்தித் தேய்த்தாள். முதுகு நடுவில் ஒரு புள்ளி வைத்தாள். இடது காலில் கீழ்வரைக்கும் ஒரு கோடு இழுத்தாள். நான், “இடுப்புன்னு சொல்லு” என்றேன். டாக்டர், “சார், அவங்க சொல்லட்டும்” என்றாள்.

அதற்குப் பின் நடந்தது எனக்குப் பிடித்தது. இரண்டு எடை மெஷினைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு காலையும் ஒவ்வொன்றில் வைத்து நிற்கச் சொன்னாள். வலது காலில் முப்பத்து நான்கு கிலோ, இடது காலில் இருபத்தேழு. ஒரே ஆள், ஏழு கிலோ வித்தியாசம். சுவரில் கட்டம் போட்ட பலகைக்கு முன் நிறுத்தித் தோள் எவ்வளவு சரிந்திருக்கிறது என்று பார்த்தாள். குனி, திரும்பு, குதிகாலில் நட. கடைசியாகக் குப்புறப் படுக்க வைத்துக் கழுத்திலிருந்து ஒவ்வொரு கணுவாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். முதுகு நடுவுக்குச் சற்றுக் கீழே விரல் நின்றது.

“இங்க எப்பவாச்சும் அடிபட்டுச்சாம்மா?”

தெய்வாத்தாள் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான், “இல்லீங்க” என்றேன்.

எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தாள். இன்று முறுக்குவது, திருகுவது எதுவும் கிடையாது. முதல் நாளில் படம் பார்க்காமல் முதுகில் அழுத்தமாட்டாளாம். சரியான முறைதான். அளக்காமல் அரம் வைக்கக் கூடாது.

வலி: 8.

4 ஜூலை, வியாழன்

வலி 8. எக்ஸ்ரே எடுத்தாயிற்று. மதியம் அரிசிம்பருப்புச் சோறு. நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

6 ஜூலை, சனி

படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார்கள். பழக்க தோஷம், டாக்டர் விரல் வைப்பதற்கு முன்பே எனக்குக் குறை தெரிந்துவிட்டது. அடுக்கி வைத்த கட்டைகளில் ஒன்று மட்டும் முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி இருந்தது. கம்பெனியாக இருந்தால் அந்த உருப்படிக்கு சிவப்புச் சீட்டு ஒட்டியிருப்பேன். வால் எலும்பும் உள்பக்கமாக மடங்கியிருந்தது.

“இது இப்ப ஆனதில்ல. இருபது, இருபத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடி உடைஞ்சு, தானாக் கூடியிருக்கு. என்ன நடந்துச்சும்மா?”

“ஒரு தடவ மாடிப்படியில வழுக்கிட்டேனுங்க” என்றாள் தெய்வாத்தாள். யாராவது பேர் கேட்டால் சொல்கிற மாதிரி, யோசிக்காமல் சொன்னாள்.

“ஐப்பசி மழைங்க. படி ஒரே ஈரம்” என்று நான் சேர்த்தேன்.

“எத்தன படி?”

நான் முந்திக்கொண்டு, “ரெண்டு மூணு இருக்கும்” என்றேன்.

டாக்டர் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “முப்பது வயசுல ரெண்டு படி வழுக்குனா எலும்பு இப்படி நசுங்காது சார். ஒண்ணு நல்ல உயரத்துல இருந்து விழுந்திருக்கணும். இல்ல, அப்பவே எலும்பு பலமில்லாம இருந்திருக்கணும். பலமில்லாத எலும்புன்னா நான் அழுத்தக் கூடாது, அழுத்துனா இன்னொண்ணு உடையும்.” எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் பரிசோதனைக்கு ஒரு எலும்பு டாக்டரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அது வரும் வரைக்கும் சிகிச்சை கிடையாது. இவள் புறப்படக் கணக்காக எட்டு வாரம்தான் இருக்கிறது, அதில் ஒன்று போச்சு.

ஆட்டோவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். லாலி ரோடு சிக்னலில், “ரெண்டு மூணு படிங்களா?” என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். ஆட்டோக்காரரிடம் குழி பார்த்து ஓட்டச் சொன்னேன்.

வலி: 8.

8 ஜூலை, திங்கள்

அந்தப் படிச் சமாச்சாரத்தை எழுதி வைப்பது நல்லது. பின்னால் டாக்டர் கேட்டால் சரியாகச் சொல்ல வேண்டுமே.

1997. பீளமேட்டில் மாடியில் குடியிருந்தோம். படி வெளிப்பக்கம், கைப்பிடி கிடையாது. தெய்வாத்தாள் சொல்லாமல் கொள்ளாமல் அவள் அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தாள். அவள் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றாள். எனக்குக் கோபம். வாசலில் பேச்சு முற்றியது. அவள் வழுக்கிவிட்டாள். மறுநாள் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிப் போனேன், முட்டைப் பத்துப் போட்டுக் கட்டினார். ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்றால் அங்கே எப்போதும் கூட்டம். ஒரு மாதம் படுத்திருந்தாள். சமையல் நான்தான் செய்தேன். அதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

கோகிலா பதினொரு மணிக்குக் கூப்பிட்டிருக்கிறாள், நான் பாங்குக்குப் போயிருந்த சமயம். அவள் எப்போதும் நான் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் கூப்பிடுகிறாள். அங்கே நேரம் வேறு, என்ன செய்வது.

வலி: 8.

13 ஜூலை, சனி

பரிசோதனை முடிவு வந்தது. வயதுக்கு ஏற்ற எலும்புதான், நன்றாகவே இருக்கிறதாம். நான் சந்தோஷப்பட்டேன். டாக்டர் சந்தோஷப்பட்ட மாதிரித் தெரியவில்லை. ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டு, “சார், நீங்க சித்த வெளிய இருங்க. அம்மாகிட்டக் கொஞ்சம் தனியாப் பேசோணும்” என்றாள்.

வெளியே மீன் தொட்டி இருக்கிறது. பதினொரு மீன். இருபத்தைந்து நிமிஷம் எண்ணிக்கொண்டிருந்தேன். உள்ளே கூப்பிட்டபோது தெய்வாத்தாளின் கண் சிவந்திருந்தது. பொம்பளை சமாச்சாரம் ஏதாவது பேசியிருப்பார்கள். டாக்டருக்கு இன்று தலைவலியோ என்னவோ, என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. போன வாரமெல்லாம் வாய்க்கு வாய் ‘சார்’ என்றாள்.

சிகிச்சை ஆரம்பித்துவிட்டது. வீடியோவில் பார்த்த மாதிரி எதுவும் இல்லை. மேஜையே நாலைந்து துண்டாக இருக்கிறது. இடுப்புக்குக் கீழே உள்ள துண்டைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் அது ‘தொப்’பென்று அரை அங்குலம் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் எலும்பு அசைந்து கொடுக்குமாம். நசுங்கின இடத்தைத் தொடவில்லை. அதற்கு மேலும் கீழும்தான். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால், “அம்மா, இப்ப அழுத்தறேன், சரிங்களா?” என்று கேட்டாள். இவள் “சரிங்க” என்று சொன்ன பிறகுதான் கை வைத்தாள். பத்துப் பன்னிரண்டு தடவை கேட்டிருப்பாள். ஒரு தடவை கேட்டால் போதாதா என்று எனக்குத் தோன்றியது.

வரும்போது இவளிடம், பயமாக இருந்ததா என்றேன். “இல்லீங்க. கேட்டுட்டுத்தானே தொட்டாங்க” என்றாள்.

14 ஜூலை, ஞாயிறு

வலி 9. படுக்கையை விட்டு எழ முடியவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு கிளினிக்குக்குப் போன் போட்டுச் சத்தம் போட இருந்தேன். தெய்வாத்தாள்தான் தடுத்தாள். “முதல் தடவைக்கு ரெண்டு நாள் வலிக்கும்னு சொல்லித்தானே அனுப்புனாங்க. பழக்கமில்லாத வேல செஞ்சா ஒடம்பு வலிக்காதுங்களா?” தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், துண்டில் ஐஸ் சுற்றிப் பத்து நிமிஷம் வைக்க வேண்டும்.

நான்தான் வைத்தேன். அவள் குப்புறப் படுத்திருந்தாள். அந்த இடத்தில் ஒரு சின்ன மேடு இருக்கிறது, விரலுக்குத் தட்டுப்படுகிறது. முப்பத்தாறு வருஷத்தில் அவள் முதுகை இவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை. துண்டை இழுத்து அதன் மேல் மூடி வைத்தேன்.

16 ஜூலை, செவ்வாய்

வலி 6. சமையலறை நாற்காலியில் பதினாறு நிமிஷம் உட்கார்ந்தாள். என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன்.

24 ஜூலை, புதன்

வலி 5. வாரம் இரண்டு தடவை போகிறோம். வீட்டுப் பயிற்சி நான்கு. மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவருவது, இடுப்பைத் தூக்குவது, பூனை மாதிரி முதுகை வளைப்பது, சுவரில் சாய்ந்து நிற்பது. பக்கத்தில் நின்று எண்ணுகிறேன். “பத்துன்னு சொல்லிட்டுப் பன்னெண்டு வாங்கறீங்க” என்று சண்டை பிடிக்கிறாள். இன்று நாற்பது நிமிஷம் உட்கார்ந்தாள். முப்பதாவது நிமிஷத்திலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது, மோட்டார் போட வேண்டும் என்று சொல்லி வெளியே போய்விட்டேன்.

3 ஆகஸ்ட், சனி

வலி 4. மாப்பிள்ளை டிக்கெட் அனுப்பிவிட்டார். செப்டம்பர் முதல் தேதி காலை விமானம். நடைபாதை ஓரத்து இருக்கை, அடிக்கடி எழுந்து நடக்கத் தோதாக இருக்கும். போகிற டிக்கெட் மட்டும்தான் வந்திருக்கிறது. குழந்தை பிறந்த பிறகு தேதி பார்த்துத் திரும்பும் டிக்கெட் போடுவார்கள். அதுவும் நல்ல யோசனைதான், இப்போதே போட்டால் மாற்றுவதற்கு வீண் அலைச்சல்.

எனக்கு ஏன் போடவில்லை என்று கேட்கவில்லை. பிரசவ வீட்டில் ஆம்பளைக்கு என்ன வேலை.

10 ஆகஸ்ட், சனி

சூலூரில் ஒரு கல்யாணம். தெய்வாத்தாள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு. இலை எடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை, அவள் தங்கையோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டு இருந்தாள். சிரித்த சத்தம் நான் நின்றிருந்த வாசல் வரைக்கும் கேட்டது. அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பதே மறந்துவிட்டது. பக்கத்தில் போனேன். இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

வலி 3.

15 ஆகஸ்ட், வியாழன்

எனக்குச் சமையல் கற்றுக் கொடுக்கிறாள். நான் சமைப்பேன், தெரியும் என்றேன். “தொண்ணூத்தேழுல ஒரு மாசம் செஞ்சீங்க. அதுக்கப்பறம் அடுப்படிக்கு வந்தீங்களா?” என்றாள். கொள்ளு ரசம், பருப்பு, இரண்டு பொரியல். டப்பாக்கள் எல்லாவற்றிலும் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறாள். கேஸ் புக் பண்ணுவது, பால்காரர் நம்பர், தண்ணீர் விடும் நாள். மூன்று மாசம் இருந்துவிட்டு வருவதற்கு இவ்வளவு எதற்கு?

தையல் மெஷினை வசந்தாவுக்குக் கொடுத்துவிட்டாள். ஓட்டாமல் வைத்தால் துருப்பிடித்துவிடுமாம். அது உண்மைதான், இரும்பு சமாச்சாரம் எனக்குத் தெரியாதா.

19 ஆகஸ்ட், திங்கள்

பெட்டி கட்டுகிறாள். தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் நான் எடுத்துக் கொடுக்க, அவள் அடுக்குகிறாள். ஸ்வெட்டர், கால் உறை, பிள்ளைக்குப் பழைய வெள்ளை வேட்டித் துணி. கல்யாணப் புடவையையும் வைத்தாள். மெல்போர்னில் குளிராம், பட்டு கதகதப்பாக இருக்கும் போல. அவள் அம்மா போட்டோ. பத்தாம் வகுப்புச் சான்றிதழ்.

சான்றிதழ் எதற்கு என்று கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. எடை சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். இருபத்து நான்கு கிலோ.

இரவுச் சாப்பாடு சீக்கிரமே முடிந்தது. எனக்குப் பசி இல்லை.

26 ஆகஸ்ட், திங்கள்

இன்று கடைசி சிகிச்சை. விமான நிறுவனத்துக்குக் காட்ட ஒரு கடிதம் தர வேண்டும் என்று டாக்டர் எழுத உட்கார்ந்தாள். பழைய காயத்தின் விவரம் அதில் வேண்டுமாம். தெய்வாத்தாள் உள்ளே துணி மாற்றிக்கொண்டிருந்தாள். டாக்டர் படிவத்தைப் புரட்டினாள். என் கையெழுத்து இருந்த முதல் பக்கம். கீழே விழுந்ததுண்டா? இல்லை.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. “அது தப்புங்க. நானே எழுதுனது” என்றேன். “அவ வழுக்கலைங்க. நான் தள்ளுனேன்.”

பேனாவை வைத்துவிட்டு டாக்டர் என்னைப் பார்த்தாள். ஜூலைக்குப் பிறகு இன்றைக்குத்தான் நேராகப் பார்த்தாள்.

“தெரியும். அம்மா அன்னைக்கே சொல்லிட்டாங்க. ஏழு படி, கீழ சிமெண்ட் தரைன்னு. அதத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் நான் சிகிச்சையே ஆரம்பிச்சேன்.”

ஆக, ஆறு வாரமாக அவளுக்குத் தெரியும். மீன் எண்ணிக்கொண்டிருந்தவன் நான் ஒருத்தன்தான். ஒரு இளவயசுப் பெண் என் சம்சாரத்தைத் தொடுவதற்கு ஒவ்வொரு தடவையும் ஏன் அனுமதி கேட்டாள் என்பது இப்போது புரிகிறது. தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தெய்வாத்தாள் தடுப்புக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நேராக உட்கார்ந்தாள்.

“இருவத்தேழு வருசம் கழிச்சு அந்தப் புள்ளகிட்டச் சொல்றீங்க. எங்கிட்ட ஒரு தடவ சொல்லீருக்கீங்களா?”

“உனக்குத்தான் தெரியுமே, தெய்வா.”

“எனக்குத் தெரியறதும் நீங்க சொல்றதும் ஒண்ணுங்களா?”

தொட்டித் தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டது. மோட்டாரை நிறுத்தப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

27 ஆகஸ்ட், செவ்வாய்

8 ஜூலையில் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கிழித்துப் போடலாம் என்று நினைத்தேன். கம்பெனியில் ரிப்போர்ட்டைக் கிழிக்கிற வழக்கம் கிடையாது. தப்பு இருந்தால் கீழே திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதுகிறேன்.

படி ஈரமாக இல்லை. மழை அதற்கடுத்த வாரம்தான் வந்தது. அவள் அம்மாவுக்கு நிஜமாகவே காய்ச்சல். சொல்லிவிட்டுத்தான் போனாள், பக்கத்து வீட்டில் சொல்லி, ஒரு சீட்டும் எழுதி வைத்துவிட்டுப் போனாள். சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. ஆனாலும் என்னைக் கேட்காமல் போனாள் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. அவள், “எங்கம்மாவப் பாக்க எனக்கு யாருங்க அனுமதி தரோணும்?” என்றாள். இரண்டு கையாலும் தள்ளினேன். நெஞ்சில். ஏழு படி. உட்கார்ந்த வாக்கில் போய் விழுந்தாள். கோகிலா பள்ளிக்கூடம் விட்டு வந்து கீழே நின்றிருந்தாள். ஏழு வயது. புத்தகப் பையை இறக்கி வைக்கக்கூட இல்லை. அவளைப் பார்த்துத்தான், “அம்மா வழுக்கிட்டா கண்ணு” என்று முதல் முதலாகச் சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகாதது கூட்டத்தால் அல்ல. எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டு எழுதுவார்கள்.

அதற்குப் பிறகு அவளை நான் தொட்டு அடித்ததில்லை. அதைப் பெரிய விஷயமாக நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். ‘வழுக்கிட்டேன்’ என்று அவள் எல்லோரிடமும் சொன்னது எனக்காக. அவள் அம்மா சாகிற வரைக்கும் அவரிடமும் அதையேதான் சொன்னாள்.

வெட்கமாக இருக்கிறது. கையெழுத்து: வே. சென்னியப்பன்.

28 ஆகஸ்ட், புதன்

சொல்ல வேண்டும் என்று மூன்று தடவை அடுப்படிக்குப் போனேன். ஒரு தடவை உப்பு எங்கே என்று கேட்டேன். ஒரு தடவை தண்ணீர் குடித்தேன். மூன்றாவது தடவை வசந்தா இருந்தாள்.

வலி 2 என்றாள்.

1 செப்டம்பர், ஞாயிறு

விமான நிலையத்தில் டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடுவதில்லை. சக்கர நாற்காலி வேண்டுமா என்று ஒரு பையன் கேட்டான். தெய்வாத்தாள், “வேண்டாங்கண்ணு, நான் நடப்பேன்” என்றாள். பெட்டியை வண்டியில் ஏற்றிக் கொடுத்தேன். இடுப்புக்கு வைக்கும் தலையணையை அவள் கையில் கொடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நட என்றேன். தண்ணீர் குடி என்றேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நான் வேறு ஏதோ சொல்வேன் என்று கொஞ்ச நேரம் நின்றாள். பின்னால் ஒரு குடும்பம் வழி கேட்டது. “நேரமாச்சுங்க, வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் சரியவில்லை, கால் இழுக்கவில்லை. அவள் இவ்வளவு உயரம் என்று எனக்கு ஞாபகமே இல்லை. கூட்டத்தில் கண்டுபிடிக்கச் சிரமமாக இருந்தது, நான் குனிந்து நடக்கிற ஒருத்தியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். உப்பு கூடிவிட்டது.

2 செப்டம்பர், திங்கள்

பதினொன்றே காலுக்குப் போன் வந்தது. இந்த நேரத்தில் நான் வீட்டில் இருக்க வேண்டும் என்றுதான் பாங்குக்குப் போகவில்லை.

“வந்து சேந்துட்டேனுங்க.”

“வலி எப்படி இருக்குது?”

“நாலஞ்சு தடவ எந்திரிச்சு நடந்தேன். மத்தபடி ஒக்காந்தே வந்துட்டேன். கோகிலா நல்லா இருக்கறா. வயிறு எறங்கீருச்சு, தேதிக்கு முன்னாடியே ஆகும்போல.”

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

“அந்த டாக்டரம்மாகிட்டச் சொன்னத எங்கிட்டச் சொல்லுங்க” என்றாள்.

எழுந்து நின்றுகொண்டேன். வீட்டில் யாரும் இல்லை. மோட்டார் ஓடவில்லை. போவதற்கு ஓர் இடமும் இல்லை.

“நீ வழுக்கல தெய்வா. நாந்தான் தள்ளுனேன். நீ சொல்லிட்டுத்தான் போயிருந்தே. சீட்டு எங்கிட்ட இருந்துச்சு. ஒரு தப்பும் செய்யாதவளத் தள்ளி உட்டுட்டு, உன் வாயாலயே பொய்யும் சொல்ல வெச்சேன். என்னை மன்னிச்சுக்க.”

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. அந்தப் பக்கம் கோகிலா, “என்னம்மா சொல்றாரு?” என்று கேட்டது காதில் விழுந்தது. இவள், “நீ இரு கண்ணு” என்றாள்.

“இத உங்க வாயால கேட்டுட்டுத்தான் சொல்லோணும்னு இருந்தேன்” என்றாள். “நான் திரும்பி வரலீங்க.”

“கோபத்துல சொல்லாத தெய்வா.”

“கோபமெல்லாம் எப்பவோ போயிருச்சுங்க. முப்பத்தாறு வருசம் நின்னாச்சு. இங்க சித்த ஒக்காந்துக்கறேன்.”

திட்டமிட்டதுதானா, எப்போது முடிவு செய்தாள், அந்த மீன் தொட்டி நாளிலா, அதற்கும் முன்பா, எதையும் நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை. நடந்து பழக, உட்கார்ந்து பழகப் பக்கத்தில் நின்று எண்ணிக் கொடுத்தவன் நான்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. ஒரே ஒரு வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறேன்.

வைப்பதற்கு முன், “பிரஷர் மாத்திர ஃப்ரிட்ஜ் மேல இருக்குது. காலைல போட்டீங்களா?” என்று கேட்டாள்.

போட்டுவிட்டேன் என்று சொன்னேன். இன்னும் போடவில்லை.